அண்ணையின் கார் இல்லாமல் ஹம்பர்க்கில் ஒரு நாள்

ஹம்பர்க் நகரத்துக்கு அதற்கு முன்பும் பல தடவை போயிருக்கிறேன். ஆனால் அந்த ஊர் எப்படி என்று யாராவது கேட்டால், அண்ணையின் காரின் பின் இருக்கையைப் பற்றித்தான் சொல்லியிருப்பேன். ரயில் நிலையத்துக்கே வந்து ஏற்றுவார். கோவிலுக்கும் கடைக்கும் கொண்டாட்டத்துக்கும் காரில்தான். திரும்பும்போது ரயிலுக்குள் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் இறங்குவார். வீட்டுக்கு வந்தவர்களைப் பஸ்ஸில் அனுப்புவது, எங்கள் ஆட்களுக்கு அவர்களைப் பட்டினி போடுவது மாதிரி.

இந்த முறை எனக்குப் பின் இருக்கை போதாது. கணவருக்கு ஹம்பர்க்கில், ஆற்றுக்கு அக்கரையில், ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. அந்த வார முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். "உமக்குச் சரியெண்டால் எனக்கும் சரி" என்று சொல்லி, முடிவை அவர் என் தலையில் வைத்துவிட்டார். டென்மார்க்கில், நாங்கள் இருக்கும் சில்க்போர்க்கில், எனக்குப் பஸ் தெரியும், சைக்கிள் தெரியும். மழையிலும் மகளைக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவேன். கார் ஓட்டும் பரீட்சையில்தான் இரண்டு தரம் தோற்றவள். அந்தப் பெரிய நகரத்தில் தள்ளுவண்டியோடு தனியே போய்வர முடியாவிட்டால், வாழ்நாள் முழுக்க நான் யாருடைய காருக்காகவாவது காத்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் மகளோடு அண்ணை வீட்டுக்கு வந்திருந்தேன். தொழிற்சாலைவரை ட்ரெயினில் போய்ப் பார்த்து வருகிறேன் என்றேன்.

"தனியவோ? பிள்ளையோடயோ?" அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு இண்டைக்கு லீவுதானே. காரில போவம்."

"காரில போனால் எனக்கு ஒண்டும் தெரியவராது, அண்ணை."

"தெரிஞ்சு என்ன செய்யப்போறாய்? நான் இருக்கிறன்தானே? சனம் கண்டால் என்ன சொல்லும்? தங்கச்சியைப் பிள்ளையோட ட்ரெயினில விட்டிட்டான் எண்டெல்லோ சொல்லும்!"

அண்ணி அடுப்படியில் இருந்து திரும்பாமலே சொன்னார். "ட்ரெயினில காணுற சனமும் ட்ரெயினிலதானே அப்பா போகுது."

பைக்குள் மாற்றுடுப்பு, பால், புட்டு, காய்ச்சல் பார்க்கிற கருவி, மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு தொப்பி. ஒரு நாளுக்கு இவ்வளவும் தேவையா என்று யோசித்தேன். பிறகு இன்னொரு போத்தல் தண்ணீரும் வைத்தேன்.

நிலையத்தில் நாள் முழுவதற்குமான டிக்கெட் ஒன்றை இயந்திரத்தில் எடுத்தேன். மகளுக்கு டிக்கெட் தேவையில்லை. அதன் பிறகுதான் தேடத் தொடங்கினேன். டென்மார்க்கில் ஏறும்போது பயண அட்டையைக் கம்பத்தில் தொட்டு 'செக் இன்' செய்வோம், இறங்கும்போது 'செக் அவுட்'. மறந்தால் தண்டம். கை தானாகவே அந்தக் கம்பத்தைத் தேடுகிறது. இங்கே கம்பமும் இல்லை, டிக்கெட்டைக் காட்டித் திறக்கும் கதவும் இல்லை. சைக்கிள் தொப்பியோடு நின்ற பெண்ணிடம் டிக்கெட்டை எங்கே காட்டுவது என்று கேட்டேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வைத்திருந்தால் போதும் என்றாள். வைத்திருந்தால் மட்டும் போதுமா? நம்பாமல்தான் ஏறினேன்.

பெட்டிக்குள் நாய் ஒன்று தன் எசமானியின் சப்பாத்தின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது. தள்ளுவண்டி நிற்கும் இடத்தில் எனக்கு முன்பே இரண்டு வண்டிகள். அந்தத் தாய்மார் தங்கள் வண்டிகளைச் சரித்து இடம் விட்டார்கள். நிலத்தடியில் ஓடிக்கொண்டிருந்த ரயில் திடீரென்று மேலேறி வெளிச்சத்துக்கு வந்தது. ஜன்னலுக்குக் கீழே துறைமுகம், பாரந்தூக்கிகள், தண்ணீர். இத்தனை தடவை வந்தும் இதை நான் கண்டதில்லை.

துறைமுக நிலையத்தில் இறங்கி, 'செக் அவுட்' செய்யும் இடத்தைத் தேடி மேடையின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினேன். இல்லை என்று தெரிந்தும், அடுப்பை அணைக்காமல் வீட்டைவிட்டு வந்தவள் போல ஒரு பதற்றம்.

வழிப்படத்தில் அக்கரைக்குப் போகும் கோடு ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. பிழையாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். பிழையில்லை. பஸ்ஸைப் போல இலக்கம் போட்ட படகு. அதே டிக்கெட். தண்ணீர் வற்றியிருந்ததால் இறங்குபாலம் செங்குத்தான சரிவாகக் கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் கேட்காமலே வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்தார்கள்.

காற்றுக்கு எந்தத் தொப்பி என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"எங்க நிக்கிறாய்?"

"கப்பலில, அண்ணை."

"கப்பலிலயோ! எந்தக் கப்பல்? எங்க போகுது?"

"அக்கரைக்குத்தான். நீங்கள் வீட்டிலயே?"

அந்தப் பக்கத்தில் யாரோ ஹோர்ன் அடிப்பது கேட்டது.

"ஆத்துக்குக் கீழால போற சுரங்கப் பாதைக்கு முன்னால நிக்கிறன்" என்றார். "ஒண்டும் அசையுதில்லை. நீ இடம் மாறி இறங்கினாலும் எண்டு, சும்மா, அங்க வந்து நிப்பம் எண்டு வெளிக்கிட்டனான்."

அண்ணை வந்து சேர்வதற்குள் நான் தொழிற்சாலை வாசல்வரை போய், திரும்பித் துறைக்கு வந்து, மகளுக்குப் புட்டுத் தீத்தி முடித்திருந்தேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பையை நீட்டினார். அண்ணி சுட்ட ரோல்ஸ்.

"சரி, பாத்திட்டாய்தானே. ஏறு."

அப்போது அடுத்த படகு கரைக்கு வந்தது. மகள் வண்டிக்குள் துள்ளி, "இகென்! இகென்!" என்று கத்தினாள். திரும்பவும் என்று டேனிஷில் கேட்கிறாள். அண்ணைக்கு டேனிஷ் தெரியாது, ஆனால் விளங்கிவிட்டது.

"காரை என்ன செய்யிறது?"

"நிக்கட்டும் அண்ணை. இவளைக் கூட்டிக்கொண்டு ஒருக்கால் போட்டு வருவம். இதில நீங்கள் ஏறினதே இல்லையோ?"

"எனக்கெதுக்கு? கார் இருக்கு" என்றபடியே டிக்கெட் எடுத்தார். நான் பிறப்பதற்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவர், படகுக்குள் காலை வைத்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இதை ஆரிட்டக் காட்டுறது?"

"ஒருத்தரிட்டயும் இல்லை. வைச்சிருந்தால் போதும்."

"பிறகு நாங்கள் எங்க இறங்கினது எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது அண்ணை."

எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. நான் எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று அன்றைக்கு ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அண்ணை ஒருவரைத் தவிர. அவர் அக்கரைவரைக்கும் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். மறு கையால் மகளின் தொப்பியைப் பிடித்திருந்தார்.

பின்னேரம் அண்ணை வீட்டில் இருந்து கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"என்ன மாதிரி?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ. ஆனா வீட்டை அக்கரையில பாருங்கோ."

"ஏன்? உம்மட அண்ணை வீட்டுக்குக் கிட்ட எண்டால் உமக்கு உதவிதானே?"

"கிட்ட எண்டால் ஒவ்வொரு நாளும் காரோட வந்து நிப்பார்."

"எனக்குக் கேக்குது!" என்றார் அண்ணை பக்கத்து அறையில் இருந்து.