கொதிக்க வைக்காத மருந்து

அந்தத் தெருவில் அவளுக்கு வெந்நீர் அக்கா என்றுதான் பெயர். பால் குவளை, கறக்கும் வாளி, மடி துடைக்கும் துணி எல்லாம் கொதித்து வந்தால்தான் தொடுவாள். மிஞ்சிய வெந்நீரையும் வீணாக்காமல் கொட்டகைச் சாக்கடையில் ஊற்றுவாள். "விட்டா என்னையும் கொதிக்க வச்சுதான் வீட்டுக்குள்ள விடுவா" என்று வீட்டுக்காரர் சிரிப்பார்.

பசுவுக்கு மடிநோய் வந்தபோது அவரும் சிரிக்கவில்லை. தாய் செத்துப்போன கன்றாக, அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பசு அது. அதன் மடி கல்லாக இறுகி, ரத்தம் கலந்த நீர் வந்தது. போட்ட ஊசி எதற்கும் கிருமி மசியவில்லை.

பார்க்க வந்த மாட்டு டாக்டரம்மா, சாக்கடையோரம் உட்கார்ந்து அந்தச் சாணித்தண்ணீரில் ஒரு குப்பி அள்ளினார்.

"அய்யய்யோ, அதை எதுக்கும்மா தொடுறீங்க?"

"கிருமி இருக்கிற இடத்துலதான்க்கா அதைக் கொல்ற ஆளும் இருப்பான். கண்ணுக்கே தெரியாத பொடிசு. கிருமிக்குள்ள புகுந்து உடைச்சுடும், மாட்டை ஒண்ணும் பண்ணாது. கிடைச்சா வடிகட்டி, சோதிச்சு எடுத்துட்டு வரேன். இதுவும் கேக்கலைன்னா எங்கிட்ட வேற வழி இல்ல."

சொன்னபடியே சின்னதாக இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, காம்பின் துளை வழியாக ஏற்றவேண்டும். எப்படி என்று செய்துகாட்டிவிட்டுப் போனார்.

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் சாக்கடையிலிருந்து வந்ததுதானே! கடவுளை வேண்டிக்கொண்டு, பாட்டிலைக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கிவைத்து, நன்றாக ஆறிய பிறகே ஏற்றினாள்.

மத்தியானம் மாடு படுத்துவிட்டது. தலையைத் தூக்கவில்லை. டாக்டரம்மா போனில் விசாரித்தார்.

"சுத்தமாத்தான் போட்டேன்மா. நல்லா கொதிக்க வச்சு..."

டாக்டரம்மா இடைமறித்தார்.

"அக்கா, அது உயிரோட இருந்தாத்தானே வேலை செய்யும்? கொன்னுட்டுல்ல போட்டிருக்கீங்க! நானும் சொல்லாம விட்டுட்டேன். அடுத்ததை அப்படியே போடுங்க."

என் கையாலேயே கெடுத்தேனே என்று ஒரு பயம். உயிரோடு இருக்கிற ஒன்றை, நோகிற மடிக்குள் எப்படி விடுவது என்று அதைவிடப் பெரிய பயம். சாயங்காலம் சிரிஞ்சைக் காம்பருகே கொண்டுபோனவள், திரும்பவும் கீழே வைத்தாள்.

"நான் போடட்டுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க கையா? சோப்பைப் பாத்து எத்தனை நாளாச்சோ!" என்றாள். கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, தானே ஏற்றினாள்.

விடிந்தும் கொட்டகைக்குப் போகாமல் அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"நீங்க முன்னாடி போங்க."

"எனக்கும் பயமாத்தான்டி இருக்கு. சேந்தே போவோம்."

மாடு எழுந்து நின்றுகொண்டிருந்தது. மெல்ல அசைபோட்டது. மடியின் வீக்கம் வடியவில்லை, ஆனால் நேற்றுப் போல நெருப்பாகச் சுடவில்லை. கறந்தால் பால் இன்னும் தெளியவில்லை, திரிதிரியாகத்தான் வந்தது.

"பிழைச்சிடுமாம்மா?" என்று போனில் கேட்டாள்.

"இப்பவே சொல்ல முடியாதுக்கா. ஆனா மருந்து பிடிக்குதுன்னு தெரியுது. இன்னும் ரெண்டு பாட்டில் கொண்டு வரேன்."

போனை வைத்துவிட்டு, வாளி கழுவி மிஞ்சிய வெந்நீரை வழக்கம்போலச் சாக்கடையில் ஊற்றப் போனவள், சட்டென்று நின்றாள். பானையை அப்படியே திருப்பித் தூக்கிவந்து, ஆறட்டும் என்று சுவரோரம் வைத்தாள்.