குற்றாலத்துக்கு வந்த எண்ணெய் தின்னிகள்

கிருமி வளர்ப்பதே பிழைப்பு என்று சொன்னால் வாடகைக்கு வீடு கிடைக்காது. தற்காலிக வேலையில் காலம் தள்ளிய சக பாவிகளுக்கு மீதியும் புரியும். எண்பதுகளில், தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் எண்ணெயைத் தின்று வாழும் கடல் பாக்டீரியாவைக் குற்றாலத்தில் பழக்குவது என் வேலை. சீசனில் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்து, கழிவுத் தொட்டியில் எண்ணெய் பாலாடைபோல் ஆடை கட்டிக் கிடக்கும். அதை அவை தின்றுவிட்டால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சீசனோடு நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லக்கேஜ்

கடல்தண்ணீர்க் கேனோடு பஸ் ஏறினேன். உள்ளே என்ன என்று கேட்ட கண்டக்டரிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவர் கேனுக்கும் டிக்கெட் கிழித்தார். "குத்தாலத்துக்குத் தண்ணி கொண்டு போற மொத ஆளு நீருதாம்வே!"

பத்தியம்

கேனைத் தொட்டியில் கவிழ்த்து ஒரு வாரமாகியும் எண்ணெய் ஆடை அப்படியே கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கி அண்ணாச்சி, சம்பந்தி வீட்டாரை விசாரிப்பதுபோல் தினமும் என் பாக்டீரியாவின் நலம் விசாரிப்பார். அன்றைக்குத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கப்பல் எண்ணெயில வளந்த பயலுவளுக்கு நல்லெண்ண எப்படி சார் எறங்கும்? கொஞ்சம் கருப்பட்டி போட்டுப் பாருங்க."

உப்பு

கோளாறு பத்தியத்தில் இல்லை. கடலில் பிறந்தவற்றுக்கு இங்கே உப்பு போதவில்லை. மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு வாங்கிக் கொட்டினேன். சில நாளில் தொட்டியின் ஒரு மூலையில் ஆடை விலகித் தண்ணீர் தெரிந்தது. சாரலில் நனைந்தபடி தனியாக நின்று சிரித்தேன். மறுபடி உப்புக்குப் போனபோது மளிகைக் கடைக்காரர் கவலையோடு கேட்டார்: "மாங்கா சீசன் முடிஞ்சிட்டே சார், எதத்தான் ஊறுகா போடுதீய?"

வருகை

என் வேலையை முடிவு செய்ய மேலதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அதிகாரி வந்தால் நம்மூரில் என்ன செய்வார்களோ, அதைச் சுகாதார மேஸ்திரி பிசகாமல் செய்துவிட்டார். தொட்டியை வடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி, வழிநெடுக வெள்ளைக் கோடும் இழுத்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது என் பிள்ளைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அதிகாரி தொட்டியில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். "பிரமாதம்!" என்றார். மனசு கேட்காமல், "இது பிளீச்சிங் பவுடர் செய்த வேலை சார். பாக்டீரியா எல்லாம் செத்துப்போச்சு," என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். "தண்ணியும் சுத்தமாயிட்டு, கிருமியும் செத்துட்டு. பெறவு ஒமக்கு இங்கன என்னவே சோலி?"

கப்பல் எண்ணெயையே செரித்த அந்த உயிர்களால் ஒரே ஒரு அதிகாரியின் வருகையைச் செரிக்க முடியவில்லை.