பினாங்கிலிருந்து வந்த அட்டை

மேற்குத் தாம்பரத்தில் பைப்பும் பெயிண்டும் விற்கிற பாட்சா பாய், இளைய மகள் மாஹிராவைத் தனியாகப் பல்லாவரம் சந்தைக்குக்கூட அனுப்பாத மனுஷன். அப்பேர்ப்பட்டவர் அவளைப் பினாங்குக்கு விமானம் ஏற்றினார் என்றதும் தெருவே மூக்கின் மேல் விரலை வைத்தது. மனுஷனுக்குத் திடீரென்று படிப்பின் மேல் பற்று வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பினாங்கில் மாஹிராவின் தாய்மாமன் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே, காவலும் அங்கே. சமூகப்பணி முதுகலை மாணவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேறு எந்த ஊரில் கிடைத்திருந்தாலும், அவள் மீனம்பாக்கம் பக்கமே போயிருக்க மாட்டாள்.

மாஹிரா போகத் துடித்ததற்குக் காரணம் அவள் அண்ணன் அதீப். அவளுக்கு ஒரு வயது மூத்தவன். வாட்டசாட்டமான ஆள், அடர்ந்த மீசை. விவரம் மட்டும் நாலு வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான். பேச்சும் பத்துப் பதினைந்து சொல்லோடு சரி. தங்கையை ‘மாயீ’ என்பான். அத்தா கடையிலிருந்து கொண்டுவந்து கொட்டும் திருகாணிகளை அளவு அளவாகப் பிரித்து டப்பாக்களில் போடுவான். அவன் பிரித்து முடித்ததும் அம்மா எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகக் கலந்து கொட்டிவிடுவாள். அவன் முகம் சுளிக்காமல் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பான். இப்படியே வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மூத்த மகள் நிகத்தைப் பெண் பார்க்க வந்த அன்று அதீப்பைப் பக்கத்து வீட்டுப் புஷ்பத்திடம் விட்டிருந்தார்கள். அவன் சுவர் ஏறிக் குதித்து நேரே கூடத்துக்கு வந்து, மாப்பிள்ளையின் பெரியப்பா தட்டில் கைவிட்டு சமோசாவை எடுத்துக் கடித்தான். வந்தவர்கள் டீயைக்கூடக் குடிக்கவில்லை. அடுத்து வந்த இரண்டு இடமும் சேதி தெரிந்து வாசலோடு போயின. கடைசியில் நிகத் ஆம்பூரில் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு அதீப்பைப் பார்த்தால் சமோசா ஞாபகம்தான் வரும்.

பினாங்கில் மாஹிரா பயிற்சிக்குப் போன இடம் ஒரு ரொட்டித் தொழிற்சாலை. அங்கே மாவு பிசைவது, அடுப்பில் வைப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாமே அதீப்பைப் போன்றவர்கள். மாதம் பிறந்தால் சம்பளம், வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுலா. ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. பச்சை என்றால் பேசலாம், வேலை சொல்லலாம். சிவப்பு என்றால் ‘என்னைக் கூப்பிடாதே, தொடாதே, கிட்டே வராதே’ என்று அர்த்தம். முதல் வாரமே மாஹிரா, சிவப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு அழுத ஒரு பெண்ணின் தோளைத் தொடப் போய்விட்டாள். மேற்பார்வை பார்க்கும் சாராள், அந்த ஊரிலேயே பிறந்த தமிழச்சி, பிடித்து ஒரு இழு இழுத்தாள்.

“செகப்பு பாத்தா ரெண்டடி பின்னால போய் நிக்கணும். மேனேஜரா இருந்தாலும் அதான் சட்டம். அட்டைய அவங்கதான் திருப்புவாங்க. நீயும் நானும் தொடக்கூடாது, புரியுதா?”

மாஹிராவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதீப்பை எல்லோரும் தள்ளுவார்கள், இழுப்பார்கள், குளிப்பாட்டுவார்கள், உட்கார்த்துவார்கள். வேண்டுமா வேண்டாமா என்று ஒரு நாயாவது அவனைக் கேட்டிருக்குமா? ஊருக்குப் போனதும் அண்ணனை வேலைக்கு அனுப்பியே தீருவேன் என்று அங்கேயே மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். திரும்பும்போது சாராளிடம் கேட்டு ஓர் அட்டையும் வாங்கி வந்தாள்.

வந்ததும் அதை அதீப் கழுத்தில் மாட்டிச் சொல்லிக்கொடுத்தாள். பயல் கற்பூரம்! நாலே நாளில் பிடித்துக்கொண்டான். அம்மா குளிக்கக் கூப்பிட்டபோது சிவப்பைத் திருப்பி நெஞ்சுக்கு நேரே பிடித்துக் காட்டினான். மாஹிரா கை தட்டிச் சிரித்தாள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏண்டி, பெத்தவளுக்கே செவப்பு காட்டுறான். இதக் கத்துக்குடுக்கத்தான் பிளேன் ஏறிப் போனியா?”

“வூட்ல யாரு பெரியவங்கன்னு ஒரு கணக்கு வேணாமா?” என்றார் அத்தா. “அவன் கைல எதுக்கு அது? உங்கம்மா கைல குடு.”

மாஹிரா அங்கேதான் சறுக்கினாள். சண்டை போட்டால் அட்டையே அடுப்புக்குப் போய்விடும் என்று பயந்தாள். நம்ம வீட்டுக்குத் தோதாகக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அட்டை அதீப்பின் கழுத்தைவிட்டுச் சுவர் ஆணிக்குப் போனது. இனி மற்றவர்கள்தான் திருப்புவார்கள். பச்சை என்றால் எழுந்து வா, சாப்பிடு. சிவப்பு என்றால் உட்கார். அவன் சிவப்புக்கு அடங்கி உட்கார்ந்த போதெல்லாம் மாஹிரா கை தட்டி “சபாஷ்ண்ணே!” என்றாள். அந்த ஒரு சபாஷுக்காக அவன் உயிரையே கொடுப்பான். கல்லூரியில் பினாங்கு அனுபவத்தைப் பற்றிப் பேசியபோது, நம் குடும்பங்களுக்கு ஏற்ப அந்த முறையை மாற்றி அமைத்திருப்பதாக அவள் சொல்ல, அங்கேயும் கை தட்டினார்கள்.

அவள் சத்தியத்தை மறந்துவிடவில்லை. ஏறாத படியெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் படப்பையில் ஒரு பிஸ்கட் கம்பெனியைப் பிடித்தாள். அங்கே ஆள் எடுக்கும் பொன்னுரங்கம், அதீப்பை ஒருநாள் உட்கார வைத்துப் பார்த்தார். இவன் பாட்டுக்கு பாக்கெட்டுகளை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டே போனான்.

“திங்கக்கிழமை கூட்டிட்டு வாம்மா,” என்றார் அவர். “உங்க அப்பா வந்து சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்.”

அந்த ஒரு வார்த்தையை அத்தா சும்மா கொடுப்பாரா? வியாபாரி ஆயிற்றே.

“ஞாயித்துக்கெழம மேடவாக்கத்துக்காரங்க உன்னைப் பாக்க வராங்க. மாப்ள ஷாகுல் கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கான். அது நல்லபடியா முடியட்டும். மறுநாள் நானே இவனைப் படப்பைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“அண்ணனைப் பத்தி அவங்ககிட்ட சொல்லிடலாம் அத்தா.”

“சொல்லி? உங்கக்கா ஆம்பூர்ல கெடக்குறா பாத்தியா, அது மாதிரி கெடக்கப் போறியா?”

பக்கத்து வீட்டுப் புஷ்பம் மதில் மேல் மோவாயை வைத்துக்கொண்டு தன் பங்குக்குச் சொன்னாள். “ஆயிரம் பொய் சொல்லித்தான் ஒரு கண்ணாலம் பண்ணுவாங்கோ. இதுல இன்னா கீது? ஆனா என்கிட்ட வுடாதீங்க தாயி, போன தபா செவுரு ஏறிட்டு ஒரே பேஜாரு பண்ணிட்டான்.”

“எங்கயும் வுட வேணாம்,” என்றாள் அம்மா. “அதான் அட்டை கீதே.”

மாஹிரா அன்று முழுக்க யோசித்தாள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொறுத்துக்கொண்டால் அண்ணனுக்குத் திங்கட்கிழமை விடியும். சரி என்றாள்.

மே மாதம். கத்திரி வெயில். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. பழைய பெயிண்ட் டப்பாக்கள் போட்டு வைக்கும் அறை. மாஹிராவே அதீப்பின் கையைப் பிடித்து மாடி ஏறினாள். நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிர்ச் சுவரில் அட்டையை மாட்டிச் சிவப்பைத் திருப்பினாள்.

“கொஞ்ச நேரம்தாண்ணே. மாயீ வந்து பச்சை போடுவேன். நாளைக்கு வேலைக்குப் போலாம், சரியா?”

“வேல,” என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான் அதீப்.

தண்ணீர் பாட்டிலைக் கதவோரம் வைத்துவிட்டு இறங்கினாள். கதவைப் பூட்டவில்லை. பூட்ட வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் அம்மாவுக்கு அந்த அட்டையில் பிடித்த விஷயம்.

வருகிறேன் என்ற நேரத்துக்கு மேடவாக்கத்துக்காரர்கள் வரவில்லை. வழியில் தண்ணீர் லாரி கவிழ்ந்து நெரிசலாம். வந்தபோது உச்சி வெயில். அப்புறம் சர்பத், அப்புறம் பேச்சு, அப்புறம் பிரியாணி. மாஹிரா இரண்டு முறை மாடிப்படிப் பக்கம் நழுவினாள். இரண்டு முறையும் அம்மா அவள் முழங்கையைக் கிள்ளி இழுத்தாள். “இப்ப மேல போனா யாருன்னு கேப்பாங்கடி. அடங்கிக் கெட.”

மாப்பிள்ளையின் அம்மா பஷீராவுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, “பினாங்கு போட்டோல்லாம் காட்டும்மா,” என்றாள். மாஹிரா ஆல்பத்தைப் பிரித்து ஒவ்வொரு படமாகக் காட்டினாள். இவர்களையும் மனுஷராக மதிக்க வேண்டும், மூலையில் ஒளித்து வைக்கக் கூடாது, வேலை கொடுத்தால் தலை நிமிர்ந்து வாழ்வார்கள் என்றெல்லாம் சொன்னாள். நன்றாகத்தான் பேசினாள். ஷாகுல் கண் கொட்டாமல் கேட்டான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகதகவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

“எவ்வளவு பெரிய மனசு!” என்றாள் பஷீரா. “ஆமா, இந்தப் படிப்பை ஏம்மா எடுத்தே? உங்க குடும்பத்துல யாராச்சும் இப்படி இருக்காங்களா?”

அத்தா தாடியைத் தடவினார். மாஹிராவுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. பிஸ்கட் பாக்கெட்டுகளும் ஞாபகம் வந்தன.

“இல்ல ஆன்ட்டி. எனக்குக் கூடப்பொறந்தது அக்கா மட்டும்தான். இது சும்மா ஒரு இன்ட்ரஸ்ட்,” என்றாள்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் மாஹிரா படிகளைத் தாவி ஏறினாள். வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. அறைக்கதவு காலையில் அவள் விட்டபடியே திறந்து கிடந்தது. தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் எடுத்திருக்கலாம். அவன் எழவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். கைலி நனைந்து காய்ந்துபோயிருந்தது. உதடு வெடித்து, மேலெல்லாம் நெருப்பாகச் சுட்டது. வியர்வை ஒரு பொட்டு இல்லை. கண் மட்டும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கித் தட்டப் பார்த்தான். கை சேரவில்லை. அவன் சபாஷுக்குக் காத்திருக்கிறான் என்று புரிந்ததும் மாஹிரா ஐயோ என்று அலறினாள். அவள் அலறும்போதே அவனுக்கு வலிப்பு வந்து நாற்காலியோடு சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “இந்த வெயில்ல எப்படி சார் விட்டீங்க?” என்று கேட்டார்.

“சொன்ன பேச்சு கேக்க மாட்டான் சார். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள மாடிக்கு ஓடிடுவான்,” என்றார் பாட்சா பாய்.

உலகத்திலேயே சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே பிள்ளையைப் பற்றிப் பெற்ற தகப்பன் சொன்ன சொல் அது. மாஹிரா அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் போனது. அதற்குப் பிறகு அடிக்கடி வலிப்பு வந்தது. வலிப்பு வருகிற ஆளை இயந்திரம் ஓடும் இடத்தில் வைத்துக்கொள்ள முடியாதம்மா என்று பொன்னுரங்கம் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். கல்யாணம் மட்டும் குறித்த தேதியில் ஜாம் ஜாமென்று நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? கல்யாணமான சில மாதத்தில் மேடவாக்கத்துக்குச் சேதி எட்டியது. பஷீரா மருமகளைக் கூப்பிட்டு வைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என் தங்கச்சி மகளும் இப்படித்தாம்மா. நீ சொல்லியிருந்தா நாங்க வேணாம்னா சொல்லியிருப்போம்?”

உண்மையாகவே கேட்டாளோ, ஒப்புக்குக் கேட்டாளோ தெரியாது. மாஹிராவுக்கு அது செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

அந்த வருஷம் பெருநாளுக்கு அவள் தாம்பரம் வந்தாள். அதீப் பின்கட்டில் நாற்காலியில் இருந்தான். மாத்திரை தின்று தின்று உடம்பு பாதியாகியிருந்தது. மடியில் திருகாணி டப்பா இல்லை. எதிர்ச் சுவரில் அட்டை சிவப்பாகத் தொங்கியது.

“காலைல செவப்பு போட்டா நான் சமைச்சு முடிக்கிற வரைக்கும் அசைய மாட்டான்,” என்றாள் அம்மா, பிரியாணிக்கு வெங்காயம் அரிந்தபடி. “பூட்டு வேணாம், காவல் வேணாம். நீ பினாங்குல படிச்சது வீண் போவலம்மா.”

மாஹிரா ஆணியிலிருந்து அட்டையை எடுத்தாள். அதன் கயிற்றைப் பழையபடி அவன் கழுத்தில் மாட்டினாள். பச்சையைத் திருப்பினாள். “வாண்ணே, வெளிய போலாம், கடைக்குப் போலாம், வா,” என்று கையை நீட்டினாள். கெஞ்சினாள். கை தட்டிச் சபாஷ்கூடச் சொன்னாள்.

அதீப் கழுத்தில் கிடந்த அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அட்டையைச் சிவப்புக்குத் திருப்பி, நெஞ்சுக்கு நேரே அவள் பார்க்கும்படி பிடித்தான்.

“பாத்தியா! அவனே போட்டுக்கிறான்!” என்று அம்மா பூரித்துப்போய்ச் சிரித்தாள்.

மாஹிரா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். சாராள் சொல்லிக்கொடுத்தபடி இரண்டடி பின்னால் போய் நின்றாள்.