பாரமான ஸ்பீக்கரும் பாதிக் காதும்

நல்ல ஸ்பீக்கரைத் தெரிவு செய்வது எப்படி என்று கேட்டிருந்தால், போன வாரம் வரை ஒரே பதில்தான் சொல்லியிருப்பேன். தூக்கிப் பாருங்கள். முதுகு பிடித்துக்கொண்டால் – நல்ல ஸ்பீக்கர்!

சிரிக்காதீர்கள். பலாப்பழத்தை எப்படி வாங்குகிறோம்? தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்துத்தானே?

கட்டுகஸ்தோட்டையில் ஹனீபா நானாவின் கடையிலிருந்த ஸ்பீக்கர்களையெல்லாம் அப்படித்தான் தூக்கினேன், தட்டினேன்.

"மாஸ்டர், இது காதால கேட்டு வாங்குற சாமான். பாட்டொண்டு போடவா?" என்றார் நானா.

போட்டார். தபேலா நெஞ்சுக்குள் இறங்கியது. பாடகி மூச்சு எடுத்ததுகூடக் கேட்டது. அதே ரகத்தில் பெட்டி பிரிக்காத ஜோடி ஒன்றை த்ரீவீலரில் ஏற்றி, வத்தேகமவுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

வீட்டில் வயரைப் பூட்டிப் பாட்டைப் போட்டால்… பாடகி கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிறாள்!

வயரை மாற்றினேன். மூலைக்கு மூலை நகர்த்தினேன். மனைவியைக் கூப்பிட்டேன்.

"நல்லாத்தானேங்க கேக்குது?"

அவளுக்கு நல்லாக் கேட்கிறது. எனக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால்…? ஐயோ, காது!

ஐம்பதைத் தாண்டியவனின் மூளை சும்மா இருக்குமா? வகுப்பில் கடைசி வாங்கில் உட்காரும் பையன்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் இனிக் காதில் விழாதே! சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்தேன். டிக் டிக் இல்லை. வியர்த்துவிட்டது. அது நின்றுபோய் மாதக்கணக்கு என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"அதானே பாத்தேன்!" என்றாள் மனைவி. "தேங்கா வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா ஒருநாளும் உங்க காதுல விழாதே. வேணும்னே செய்றீங்கன்னு நெனச்சுட்டேன். பாவம்ங்க நீங்க."

அன்று அவளே குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். செவிட்டுத்தனத்திலும் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள்!

இருந்தாலும் பயம். டொக்டரிடம் போகுமுன் நானாவுக்குப் போன் பண்ணினேன். மறுநாளே வந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! பொலித்தீனோடயா மாஸ்டர் பாட்டுக் கேக்குறீங்க?"

கழற்றுவதா? எங்கள் வீட்டில் ரிமோட்டுக்குப் பொலித்தீன். கதிரை மெத்தைக்குப் பொலித்தீன். அலுமாரிக்குள் சப்பாத்துக்கே பூஞ்சணம் பூக்கிற கண்டி மழையில், புதுச் சாமானின் உறையைக் கழற்றுகிறவன் மனிதனா? அதிலும் நான் கெட்டிக்காரன் – பெட்டியோடு வந்த உறையை இழுத்து மூடி, சுற்றிவர டேப் வேறு ஒட்டியிருந்தேன்.

"வாயப் பொத்திட்டுப் பாடச் சொன்னா யாருதான் பாடுவாங்க?" என்றபடி நானா உரித்தார்.

பாடகி மூச்சு எடுத்தாள். தெளிவாகக் கேட்டது.

"தேங்கா முடிஞ்சிருச்சுங்க…" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. மெதுவாகத்தான் சொன்னாள். பாட்டுக்கு மேலால் அதுவும் தெளிவாகக் கேட்டது.

குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.