தைலம்மாள் எந்தச் சங்கத்திலும் இல்லை

தைலம்மாள் அத்தை இறந்த செய்தியை எனக்கு ஒலிபெருக்கிதான் சொன்னது. இரண்டாம் பாடவேளை நடந்துகொண்டிருந்தது. பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு சைக்கிள் ரிக்‌ஷா போனது. அதன் மேல் கட்டியிருந்த குழாய் வில்லியனூர் முழுக்கக் கேட்கும்படி அலறியது: “நமது கல்யாண ஏற்பாட்டாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர் தைலம்மாள் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்...” அப்பா எனக்கு ஆள் அனுப்புவதற்குள் சங்கம் முந்திக்கொண்டது. அந்த அறிவிப்பில் இரண்டு செய்திகள் இருந்தன. அத்தை போய்விட்டாள் என்பது உண்மை. அவள் சங்கத்தின் உறுப்பினர் என்பது பொய். உண்மைக்காக அன்றே அழுதேன். பொய்க்காக இதை எழுதுகிறேன்.

நம் நூலகத்தின் இந்தக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பலருக்கு அவளைத் தெரியும். உங்கள் வீட்டிலோ எதிர் வீட்டிலோ ஒரு கல்யாணமாவது அவள் நடத்தியிருப்பாள். பெண் முடிவானதும் வெற்றிலை பாக்கோடு அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பந்தல், சமையல், நாயனம், வாடகைப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் அவளே சொல்லிவைப்பாள். பாகூரானாலும் மண்ணாடிப்பட்டானாலும் டவுன் பஸ் ஏறிப் போய்விடுவாள். பெண்ணைப் பெற்றவர் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

அதனால் அவள் கல்யாணங்களை மதித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். “ரெண்டு பேரு ஒரு வூட்ல குடித்தனம் பண்றதுக்கு ஐந்நூறு பேரு சாம்பார் ஊத்திக்கணுமாம்” என்பாள். மடுகரையில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தாள். தனக்குச் சந்தனக் கிண்ணம் கடைசியாக வந்தது என்று மாப்பிள்ளையின் சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். பெண் வீட்டார் பின்னாலேயே ஓடினார்கள். அத்தை ஓடவில்லை. வடைச் சட்டியைத் தெருப்பக்கம் தூக்கிவந்து அடுப்பில் வைக்கச் சொன்னாள். சித்தப்பா பஸ் நிற்கும் ஆலமரம் வரை போய், பஸ் வரவில்லை என்று காரணம் சொல்லித் திரும்பி வந்தார். “கோவிச்சிக்கினு போறவன் பின்னால ஓடக்கூடாதுடி. அவன் போற வழியில வடை வாசனை அடிச்சா போதும்” என்று அத்தை என் காதில் சொன்னாள். மனிதர்களைப் பற்றி அவளுடைய கருத்து அவ்வளவுதான். அதற்கு மேல் வைத்துக்கொள்ள யாரும் அவளுக்குக் காரணம் தரவில்லை.

அவள் கணவரும் தரவில்லை. மாமா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை நம் பக்கம் அப்படித்தானே சொல்கிறோம். நான் பிறப்பதற்கு முன்பே அவர் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். அதோடு சரி. இறந்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அத்தை தாலியையும் குங்குமத்தையும் எடுக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அவள் நடத்திய கல்யாணங்களில் தாலி கட்டும் நேரத்தில் மட்டும் சமையல் கொட்டகைப் பக்கம் போய்விடுவாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை, இரு என்றும் சொன்னதில்லை.

பிறகு சங்கம் வந்தது. அத்தை இத்தனை காலம் யாருக்கு எந்த வேலை என்று சொல்லிக்கொண்டிருந்த அதே பந்தல்காரர், சமையல்காரர், மைக் செட்காரர் மூவரும் ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பந்தல் கோவிந்தன் தலைவர். அத்தையின் தம்பியான என் அப்பா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பதால் அவருக்குச் செயலாளர் பதவி என்றார்கள். அப்பா உடனே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஒரு மனிதரை இவ்வளவு மலிவாக நிமிர்த்திவிடலாம் என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

“அக்கா இல்லாம சங்கம் ஏது? கட்டாயம் சேத்துடணும்” என்றார் கோவிந்தன். “ஆனா அக்காவோட எடத்த மட்டும் தம்பி உங்க பேர்ல போட்டுக்கலாம். ஏன்னா தொறப்பு விழாவுல ஒவ்வொரு உறுப்பினர் சார்பாவும் ஒரு சுமங்கலி வெளக்கு ஏத்தறாங்க. அக்கா பொட்டு வச்சிக்கினுதான் இருக்குது. ஆனா அந்த ஆளு இருக்காரா, இல்லையா?”

“இருக்காருன்னு வச்சிக்கலாமே” என்றார் சமையல்காரர்.

“வச்சிக்கினு, அப்புறம் இல்லன்னு தெரிஞ்சா? வெளக்கு ஏத்தினது ஏத்தினதுதான?” என்றார் மைக் செட்காரர்.

இப்படியே ஒரு டம்ளர் காபி ஆறும் வரை பேசினார்கள். அத்தை நெட்டப்பாக்கம் கல்யாணத்துக்கு அண்டா சொல்லிப் போக வந்தவள், வாசற்படியிலேயே நின்று முழுவதும் கேட்டிருக்கிறாள்.

“சேரப் போறது நானா, எம் புருசனா?” என்றாள்.

கோவிந்தன் எழுந்துவிட்டார். “அப்டி இல்லக்கா. சட்டம்னு ஒண்ணு...”

“சட்டத்த எழுதினது நீதானப்பா. காபி குடிக்கிறதுக்குள்ள எம் புருசன ரெண்டு தடவ சாவடிச்சி ரெண்டு தடவ எழுப்பிட்டீங்க. கெட்டிக்காரங்கதான்.”

அவர்கள் பழிவாங்கிய விதம் சங்கத்துக்கே உரியது. ஒரு தீர்மானம் போட்டார்கள். உறுப்பினர் அல்லாதவர் நடத்தும் கல்யாணத்துக்கு உறுப்பினர் எவரும் பொருளும் தரக்கூடாது, ஆளும் தரக்கூடாது. உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்தில் வெளியார் கரண்டி தொடக்கூடாது. செயலாளர் என்று அப்பா கையெழுத்துப் போட்டார். இனி அண்டா இல்லை என்று அக்காவிடம் சொல்ல மட்டும் அம்மாவை அனுப்பினார்.

நெட்டப்பாக்கம் கல்யாணத்தை அத்தை எப்படியோ நடத்தினாள். கரும்புக்காரர்களிடம் வெல்லம் காய்ச்சும் கொப்பரைகளை இரவல் வாங்கினாள். எவ்வளவு தேய்த்தும் அன்றைய சாம்பார் தித்தித்தது. “ஒரு தடவைக்கு சிரிச்சிக்கினு தின்னுட்டாங்க. மறு தடவ என்னைத் தேடி வரமாட்டாங்க” என்றாள். அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. தம்பியின் பெயருக்குள் ஒளிந்துகொண்டு சேர வேண்டும், அல்லது தொழிலை விட வேண்டும்.

“சேரப் போறியா அத்தே?” என்று கேட்டேன்.

“கோவிந்தன் பொண்ணு கல்யாணம் வருதே. சங்கம் நடத்தற மொத கல்யாணம். பாத்துட்டு சொல்றேன்.”

அவளுக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். நானும் போனேன். சத்திரத்தின் முன்வரிசையில் உறுப்பினர்கள் எல்லாரும் கழுத்தில் மாலையும் சட்டையில் பேட்ஜுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சமையல் மேற்பார்வை, ஒருவர் பந்தி மேற்பார்வை, என் அப்பா பாத்திர மேற்பார்வை. சங்கத்தில் சேர்ந்தபின் ஒருவருக்கும் அதற்குக் கீழே வேலையில்லை. வெளியாள் வைக்கக்கூடாது என்பது தீர்மானம். ஆகவே அடுப்பை யார் பற்றவைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லாரும் மேற்பார்வை பார்த்தார்கள். தாலி கட்டியாயிற்று. இலை போட்டாயிற்று. இலை காயவும் தொடங்கியது. அரிசி மூட்டை கட்டு அவிழ்க்கப்படாமல் இருந்தது.

அத்தை அன்று பட்டுப்புடவை கட்டி, முன்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, தாலி கட்டுவதை முழுவதும் பார்த்தாள். அவளை அந்த நேரத்தில் அந்த இடத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கோவிந்தன் வியர்வையோடு ஓடிவந்தார். “அக்கா, எழுந்து வாக்கா. மாப்ள வூட்டுக்காரங்க மூஞ்சி மாறுது.”

“நீ பத்திரிக வச்சி கூப்ட்ட விருந்தாளி நான். அதுவும் வெளியாளு. கரண்டி தொடக்கூடாதே?”

“இந்த நிமிசமே சேத்துட்டேன்க்கா! உன் பேர்லயே. கையெழுத்துகூட வேணாம்.”

“வெளக்கு ஏத்தறதுக்கு எம் புருசன் இருக்கணுமே. இருக்காரா?”

“இருக்காருக்கா, இருக்காரு! யாரு இல்லன்னது?”

ஒரு பந்திச் சோற்றுக்காக என் மாமா அன்று உயிர் பெற்றார்.

“அப்ப சரி. அவரையே கூப்டு. வந்து பரிமாறட்டும்” என்றாள் அத்தை. கடைசி வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

தலைவர், செயலாளர் எல்லாரும் மாலையைக் கழற்றி மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார்கள். சாப்பாடு வரும்போது சாயங்கால வெயில் இறங்கிவிட்டது. அத்தை நிதானமாகச் சாப்பிட்டாள். “சாம்பார்ல உப்பு இல்ல. அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டுடுங்க” என்று கைகழுவப் போனாள். வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்காமலே சொன்னாள்: “சேரல.”

அடுத்த முகூர்த்தத்துக்கு அப்பா கடையின் பின்கதவைத் திறந்து அண்டாக்களைத் தாமே வண்டியில் ஏற்றினார். பேட்ஜைக் கழற்றவில்லை. முன்கதவில் செயலாளர், பின்கதவில் தம்பி. அதைத் துணிச்சல் என்று என்னால் எழுத முடியாது. ஆனால் அத்தை கடைசி வரை கல்யாணம் நடத்தியது அந்தக் கதவால்தான்.

கோவிந்தன் வியர்வையோடு சொன்ன அந்த “சேத்துட்டேன்” தவிர அவளுக்கும் சங்கத்துக்கும் வேறு சம்பந்தம் இல்லை. அதை நம்பித்தான் ரிக்‌ஷாவில் குழாய் கட்டி ஊரெல்லாம் சொன்னார்கள். மாலையோடு சாவு வீட்டுக்கு வந்தார்கள். கோவிந்தன் ஒரு பேட்ஜை எடுத்து அத்தையின் புடவையில் குத்தினார். அதற்குள் பெண்கள் பக்கத்தில் பழைய கேள்வி கிளம்பிவிட்டது. சுமங்கலியாக அனுப்புவதா? குங்குமத்தை அழித்து அனுப்புவதா? சங்கத்தாரும் தலையைச் சொறிந்தார்கள். அன்று மாமாவுக்கு உயிர் கொடுத்தவர்கள் இன்று பெண்கள் பக்கம் கையைக் காட்டினார்கள்.

அப்பாதான் பேசினார். “போறது எங்க அக்கா. மாமா இல்ல. அவ எப்டி இருந்தாளோ அப்டியே போவட்டும்.”

என் வாழ்நாளில் அப்பாவிடம் நான் கேட்ட நல்ல வாக்கியம் அது. அது அத்தையிடமிருந்து எடுத்ததுதான், இருந்தாலும் சரியான இடத்தில் எடுத்தார்.

நெற்றியில் குங்குமத்தோடு அத்தை போனாள். தூக்குவதற்கு முன் அந்த பேட்ஜை நான் கழற்றிவிட்டேன். காரியம் முடிந்த மறுநாள் கோவிந்தன் வந்து, அது சங்கத்துப் பொருள் என்று திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இப்போதே எனக்கு வரன் பேச்சு அடிபடுகிறது. பள்ளி இறுதித் தேர்வு முடியட்டும் என்று அம்மா தள்ளிப்போடுகிறாள். நாளைக்கு யாராவது என் பெயரை இன்னொருவர் பெயருக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று காபி குடித்துக்கொண்டே முடிவு செய்வார்கள். அப்போது வாசற்படியில் நின்று கேட்க அத்தையின் கேள்வி என்னிடம் இருக்கிறது. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்: சேரப் போறது நானா?