வெறும் வயிறு

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. அதுவே வினையாகப் போனது.

அவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறவர். டாக்டர் மறுபடியும் ரத்தம் பார்க்கச் சொல்ல, விடிந்ததும் கோயில் பக்கத்து லேபுக்குப் போனார். ரத்தம் எடுத்த பெண், "ஏதாவது சாப்ட்டீங்களாண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். "வெறும் வயிறுதாம்மா" என்றாராம்.

ரிசல்ட்டில் சர்க்கரை எகிறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நான் என் பங்குக்குச் சர்க்கரை டப்பாவைப் பரண்மேல் ஏற்றினேன்.

அடுத்த பௌர்ணமிக்கு வழக்கம்போல் கிரிவலம் கிளம்பினார். மலையைச் சுற்றி முடிக்கும்வரை எதையும் வாயில் வைக்கமாட்டார். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார். டாக்டர் சொல்லைத் தட்டமாட்டாராம். பாதி வழியில் வேர்த்துக் கொட்டி விழுந்திருக்கிறார். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று ஜனம் ஒதுங்கிப் போயிருக்கிறது. சாராய வாசனையே ஆகாத மனுஷன்! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் சர்க்கரை அடியோடு இறங்கி மூளையைப் பாதித்துவிட்டது.

"ஜாஸ்தியா இருக்குனுதானே மாத்திரைய ஏத்துனாங்க? எப்படி இறங்கும்?" என்று வார்டு வாசலில் கத்தினேன். ஆட்டோ ஸ்டாண்டில் அவரோடு இருக்கும் தம்பி மென்று விழுங்கினான்.

"அன்னிக்கு டெஸ்டுக்கு முன்னாடி கோயிலுக்குப் போனோம் அண்ணி. ஆளுக்கு ஒரு தொன்னை சக்கரைப் பொங்கல் குடுத்தாங்க."

"அத ஏன் லேப்ல சொல்லல?"

"பிரசாதம் அண்ணி. அது சாப்பாட்டுல சேருமா?"

அவனை அறையவேண்டும் போல் இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இப்போது வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் கட்டிலோடு கிடக்கிறார். பேச்சு இல்லை. என்னைத் தெரியவில்லை. ரத்தம் எடுக்க அந்த லேப் பெண் வீட்டுக்கே வருகிறாள்.

"அண்ணன் ஏதாவது சாப்ட்டாராக்கா?"

"இல்ல."

"பிரசாதம்?"

"அதுவும் இல்லம்மா."

அவள் போனபிறகு, தம்பி கோயிலிலிருந்து கொண்டுவந்த பொங்கலில் ஒரு வாய் ஊட்டுகிறேன். முன்பெல்லாம் பிரசாதம் கைக்கு வந்தால் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டுதான் வாயில் போடுவார். இப்போது கரண்டியைப் பார்த்ததும் வாயைத் திறக்கிறார், இட்லிக்குத் திறப்பதைப் போலவே.