எல்லாம் அடைத்திருக்கிறது என்றார் மாப்பிள்ளை

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது? சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் டவுன் ஆபீசில் உட்கார்ந்து லாரி பிடிப்பதும் லோடு அனுப்புவதுமாகப் பத்து வருடம் இருந்தவன் நான். பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே குறைகிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திறமையை வீட்டு மனிதர்களிடமும் காட்டினேன், அதுதான் தப்பு.

ஊருக்கெல்லாம் தீபாவளி வந்தால் கொண்டாட்டம். எங்களுக்குத் தீபாவளி போனால்தான் மூச்சு வரும். கம்பெனிகள் அடைத்துவிடும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கிறவரைக்கும் மூன்று நான்கு வாரம் யாருக்கும் வேலை இல்லை. அந்த நாட்களில் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து வேன் பிடிப்போம். மேலே கேரியரில் அண்டாவும் அரிசி மூட்டையும், உள்ளே கேஸ் அடுப்பும் பாயும் தலையணையும். நிழல் கண்ட இடத்தில் சமையல், நிறுத்திய இடத்தில் வேனுக்குள்ளேயே படுக்கை. லாட்ஜ் வாடகை கிடையாது, ஓட்டல் சாப்பாடு கிடையாது.

இதில் ஒரே ஒரு தொல்லை. எங்கள் கம்பெனி அடைக்கிற அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் மழையும் வரும். அருவியில் வெள்ளம் என்று கயிறு கட்டுவார்கள். காட்டுக்குள் போகிற கேட்டைப் பூட்டுவார்கள். அணைப் பூங்காவில் வண்டியை விடமாட்டார்கள். ஆகவே எது திறந்திருக்கிறது, எது எப்போது அடைக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வைக்க ஒரு ஆள் வேண்டும். அது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு வருடம். எங்களில் யாரிடமும் செல்போன் கிடையாது. என் குடும்பமும் தங்கச்சி குடும்பமும் போவதாக ஏற்பாடு. வேன் ஓட்டத் தெரிந்தவர் தங்கச்சி வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை. விசாரிக்கும் வேலையும் அவரிடமே போனது.

மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். "மருந்து ரூமுக்குள்ள போறவனுக்கு என் மகளக் குடுக்க மாட்டேன்லே" என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். வெடிமருந்து கலக்குகிற அந்த அறைக்குள் போய் வெந்து வந்தவர்கள் எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார்! எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் மாப்பிள்ளைக்கு இடம் வாங்கிக் கொடுத்து, அவர் அந்தப் பக்கமே போகமாட்டார் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துத்தான் கல்யாணம் முடித்தேன். தங்கச்சி வாழ்க்கையில் ஏதாவது ஒன்று என்றால் அப்பா முதலில் என் சட்டையைத்தான் பிடிப்பார். எனவே மாப்பிள்ளை மேல் எப்போதும் எனக்கு ஒரு கண் இருந்தது.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்தார். "மச்சான், குத்தாலத்துல குளிக்கத் தடை போட்டுட்டாகளாம். வெள்ளமாம்."

"அப்ப ராஜபாளையத்துக்கு மேல அய்யனார் கோயில் ஆத்துக்குப் போவோம்."

"கேட்டப் பூட்டிட்டாகளாம். மளை முடிஞ்சுதான் தெறப்பாகளாம்."

பிளவக்கல் அணை? அங்கே வேனை நிறுத்த விடமாட்டார்களாம். கொடைக்கானல் பக்கம் ஏதாவது அருவி? ரோட்டில் மண் சரிந்துவிட்டதாம். சரி போகட்டும், திருச்செந்தூர்க் கடலையும் கோயிலையும் யார் அடைக்க முடியும்? அதற்கும் பதில் வைத்திருந்தார். "கூட்டம் நெரியுது மச்சான், வேன் நிறுத்த எடமில்ல." அவரே ஒரு வழி சொன்னார். மதுரை, திருப்பரங்குன்றம், வைகை அணையைத் தூரத்தில் நின்று பார்ப்பது, திரும்பி வருவது. இதற்கு எதற்கு அண்டாவும் அடுப்பும்?

காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் தட்டிக்கழித்த இடங்களை எல்லாம் எழுதிப் பார்த்தேன். தென்காசிப் பக்கம் வேண்டாம், பிளவக்கல் இருக்கிற வத்திராயிருப்புப் பக்கம் வேண்டாம், திருச்செந்தூர்ப் பக்கமும் வேண்டாம். அந்தப் பக்கமெல்லாம் இவரைத் தெரிந்தவர்கள் யாரோ இருக்கிறார்கள். பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயப்படுகிறார். ஆவணியில் பட்டாசு சீசன் உச்சத்தில் இருந்தபோது, டைபாய்டு காய்ச்சல் என்று சாத்தூரில் அவர் அம்மா வீட்டில் இருபது நாள் படுத்திருந்ததும் ஞாபகம் வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம். வேலைக்குப் பயந்து படுத்துக்கொண்டார் என்று நினைத்துப் பார்க்கக்கூடப் போகவில்லை. இப்போது வேறு மாதிரி தோன்றியது. அந்த இருபது நாளும் இவர் எங்கே, எந்த வீட்டில் இருந்தார்?

இதை என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "குத்தாலத்துல ஒரு குடும்பம், பிளவக்கல்லுல ஒரு குடும்பம், திருச்செந்தூருல ஒரு குடும்பமா? பேக்கிங் சம்பளத்துல அம்புட்டையுமா நடத்துறாக? ஒங்க சந்தேகத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கச்சியிடம் போய் நாசூக்காகக் கேட்டேன். "அவுக விசாரிச்சிருந்தா சரியாத்தாண்ணே இருக்கும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். சின்ன வயதில் கிணற்றை விட்டு ஏற்ற அவளை அடித்துத்தான் இழுக்க வேண்டும். அப்படிப்பட்டவள் இப்போது, "எதுக்குண்ணே தண்ணி, குளுரும்" என்கிறாள். என் தங்கச்சியை இவர் ஏதோ சொல்லி மிரட்டி வைத்திருக்கிறார் என்றே முடிவு செய்தேன்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், எங்களுக்கு லோடு ஓட்டுகிற தென்காசி டிரைவரைப் பிடித்தேன். "தடையா? யாரு சொன்னா? மாலை போட்ட சாமிமாரு கூட்டம் அம்முது. நேத்து நானே குளிச்சேனே" என்றார். போனை வைத்தபோது, கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி எனக்கு. தங்கச்சியை நினைத்து வருத்தப்பட்டிருக்க வேண்டும். திருப்திதான் முதலில் வந்தது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. மதுரை அப்புறம் போகலாம், முதலில் சங்கரன்கோவில் என்றேன். மாப்பிள்ளை சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். காலையிலேயே கிளம்பிப் போய்ச் சாமி கும்பிட்டு, குளக்கரையில் புளிச்சோறு சாப்பிட்டு வேனில் ஏறியதும் சொன்னேன். "இன்னுங் கொஞ்ச தூரந்தான குத்தாலம்? அடைச்சிருந்தா வெளிய நின்னு பாத்துட்டு வருவோம். விடுங்க வண்டிய."

கியரில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. பின்னாலிருந்து தங்கச்சி, "வேணாம்ணே" என்றாள். பிள்ளைகள் குத்தாலம் குத்தாலம் என்று கத்த ஆரம்பித்துவிட்டதால் அவர் வேறு வழியில்லாமல் வண்டியை எடுத்தார்.

அருவி திறந்துதான் இருந்தது. கறுப்பு வேட்டிச் சாமிகள் சரணம் சொல்லிக்கொண்டு நின்று குளித்தார்கள். "தடையெல்லாம் எங்க மாப்பிள்ள?" என்றேன். "இன்னைக்குத்தான் எடுத்திருப்பாக போல" என்றார். என் வீட்டுக்காரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். தங்கச்சி போகவில்லை. வேனுக்குப் பின்னால் எதையோ தேடுவது போல நின்றாள்.

நான் துண்டைக் கட்டிக்கொண்டு, "வாங்க" என்றேன்.

"சளி புடிச்சிருக்கு மச்சான். நான் வேனப் பாத்துக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

"இங்கன யாரும் ஒங்களப் பாத்துருவாகன்னு பயமோ?"

அவர் வேன் கதவைச் சாத்தப் போனார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கேலி போலவும் இருக்கட்டும் என்று கழுத்துப் பட்டியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். பொத்தான்கள் தெறித்தன. அவர் சட்டென்று திரும்பியதில் சட்டை என் கையோடு வந்துவிட்டது.

வலது தோளிலிருந்து இடுப்புவரை முதுகுத் தோல், தீயில் காட்டிய பாலிதீன் பை போலச் சுருங்கி, வெளிர் சிவப்பாக இருந்தது. சிவகாசிக்காரனுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆவணியில் வந்தது டைபாய்டு இல்லை.

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. "மருந்து ரூமுக்கு எதுக்குப் போனீக? அப்பாகிட்ட நான் குடுத்த வாக்கு என்னாச்சு? எவன் ஒங்கள உள்ள அனுப்புனது? பேரச் சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

அவர் குனிந்து தெறித்த பொத்தான்களைப் பொறுக்கினார். "சொல்லப் போறீகளா இல்லையா?" என்று கத்தினேன்.

தங்கச்சி எங்கள் நடுவில் வந்து நின்றாள். "நீங்கதாண்ணே அனுப்புனீக."

எனக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். இவர் வேலை பார்க்கிற எங்கள் கம்பெனியின் விஸ்வநத்தம் யூனிட்டில் அன்றைக்கு மருந்து ரூமுக்கு ஆள் வரவில்லை. ஃபோர்மேன் டவுன் ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறார். லோடு நிக்குது, பேக்கிங்ல இருந்து யாரையாச்சும் ஒருத்தர உள்ள அனுப்புங்க என்று நான் சொல்லியிருக்கிறேன். ஃபோர்மேன் கண்ணில் முதலில் பட்டவர் இவர். விஷயம் வெளியே போனால் யூனிட்டை அடைத்துவிடுவார்கள் என்று கம்பெனியில் எல்லார் வாயையும் கட்டிவிட்டார்கள். "ஒங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீகன்னு, சொல்லக்கூடாதுன்னு இவுக எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக."

அந்தப் போன் எனக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சீசனில் நாளைக்கு முப்பது போன் பேசுவேன். அதில் ஒன்று. இன்றைக்கு வரைக்கும் ஞாபகம் வரவில்லை, அதை நினைத்தால்தான் எனக்கு என் மேல் பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளை என் கையிலிருந்து சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். தங்கச்சியிடம் ஊக்கு வாங்கி முன்பக்கத்தைச் சேர்த்துக் குத்தினார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மாமாகிட்ட மட்டும் சொல்லிறாதீக மச்சான். ஒங்களத்தான் வைவாக."